சாத்தனூர் என்னுந் தலைச்சொல் எவர்க்குரியது?



பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரினின்று பயில வரும் மாணவன் ஒருவனை, அவன் ஊரைப்பற்றி ஒரு பக்கம் எழுதி வருமாறு பணித்தேன். களஞ்சியமொன்றைப் பார்த்துவிட்டு மறுநாள் வந்தவன், "ஐயா, எங்கள் ஊரில் அணையே இல்லையே!" என்று கலங்கி நின்றான். 'சாத்தனூர்' என்னுந் தலைச்சொல்லின்கீழ் அவன் கண்டது தென்பெண்ணையாற்று அணை ஒன்றே. அவன் ஊர் அதில் யாண்டும் இல்லை.

சிறிய பிழை என்பீரோ? தன் ஊர்ப்பெயரையே அயலான் பொருளாகக் காணும் பிள்ளைக்கு அது சிறிதன்று.

சாத்தனூர் ஒன்றன்று. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர், 1958-இல் முடிவுற்ற அணையாற் பெயர் பெற்றது. 2024 திசம்பர் வெள்ளத்தின்போது அப்பெயர் நாளிதழ்தோறும் நின்றது. எம் பக்கத்துச் சாத்தனூரிலோ, 12 கோடி ஆண்டுப் பழமையுடையதெனக் கணிக்கப்பெற்ற கல்மரம் 18 மீட்டர் நீளத்திற் கிடக்கின்றது. அதனை 1940-இல் கண்டு வெளிப்படுத்தியவர் நிலநூல் அறிஞர் எம்.எசு. கிருட்டிணன். மூன்றாவது, திருவாவடுதுறையை அடுத்த சாத்தனூர். அவ்வூர் ஆயன் மூலன் உடலிற் புகுந்தே திருமூலர் எழுந்தார் என்பது சேக்கிழார் கூற்று.

இவற்றுள் எதற்கு முதலிடம்?

'பலர் தேடுவது அணையை. ஆதலின் அணையே தலைச்சொல்லுக்குரியது' என்பர் சிலர். தலை எண்ணிப் பொருள் காணும் இவ்வளவுகோலை அரியலூரிற் சற்றே வைத்துப் பார்மின்! 1860-களில் பிளான்போர்டு என்னும் ஆங்கில நிலநூலார் இப்பகுதிப் பாறைகளை ஆய்ந்து, ஒரு தொகுதிக்கு அரியலூர்ப் பெயரையே இட்டார். அன்றுதொட்டு அயல்நாட்டு நிலநூலார்க்கு அரியலூர் என்பது பாறையே. அன்னோர் தொகையை எண்ணி, ஊரைப் பாறைக்கடியில் தள்ளிவிடலாமோ?

இனி, பழமையே அளவெனின் எம் கல்மரம் எளிதில் வெல்லும். ஆயினும் அவ்வழக்கை யாம் தொடுக்கமாட்டோம். கல்லின் அகவை சொல்லின் அகவை ஆகாது.

பின் எதுதான் அளவு? அதனைத் தமிழன் பிறரிடம் இரக்க வேண்டுவதில்லை. பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இருவகைப்படுத்தினார். ஒன்று, வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளிவது. மற்றொன்று, அங்ஙனம் தெளியாமையின் கிளந்து கூற வேண்டுவது. 'மா பூத்தது' எனின் மரம். 'மா ஓடிற்று' எனின் விலங்கு. 'மா வீழ்ந்தது' எனின் எது? மாமரம் என்றோ மாவென்னும் விலங்கு என்றோ விளங்கச் சொல்லியாதல் வேண்டும். களஞ்சியத் தலைச்சொல்லுக்கு வினையுமில்லை, இனமுமில்லை, சார்புமில்லை. தனித்து நிற்குஞ் சொல் அது. ஆகவே கிளந்து கூறலே முறை.

கழக நூல்களைத் தொகுத்தோர் செய்ததும் அதுவே. சாத்தனார் பலர் இருந்தனர். சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார் என அடைகொடுத்துப் பிரித்தனரேயன்றி, புகழ்மிக்கவருக்கு வெறும்பெயரை ஈந்து ஏனையோரை மறைத்தாரல்லர். அரியலூர் மாவட்டத்தில் நம் பாட்டன்மார் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று வழங்கியதும் இந்நெறியே.

எனவே எம் முடிபு இது. அடையற்ற 'சாத்தனூர்', சொல்லுக்கே உரியதாகுக. ஆங்கு முதற்கண், சாத்தன் ஊர் சாத்தனூர் என்னும் பொருளும், சாத்தன் என்னும் பெயரின் வேரும் இடம்பெறுக. வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் 'சாத்து' என்பதை வடசொல்லின் திரிபென்பார் உளர். 'சார்' என்னும் வேரடியாக, சார்த்து, சாத்து எனத் திரிந்த தூய தமிழ்ச்சொல் என்பது எம் கொள்கை. இருதிறத்தையும் எழுதுக; நடுவுநிலையாளர் தேர்க! வெறுஞ்சொல்லை அணைக்கே கொடுத்துவிட்டால், இவ்வழக்கை எழுதத்தானும் இடமேது? அடுத்து, எல்லாச் சாத்தனூரும் மாவட்ட அடையுடன் நிரலே நிற்க. அந்நிரலில் அணை முதலில் நிற்பினும் எமக்குத் தடையில்லை. அணை தேடி வருவோன் ஒருவரி கீழே நோக்குவதால் இழப்பது ஒன்றுமில்லை. எம் மாணவன் இழப்பதோ ஊர்.

1954 முதல் 1968 வரை பத்து மடலங்களாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தார்க்குத் தாளும் அச்சும் தடையாயிருந்திருக்கலாம். கணிப்பொறிக் களஞ்சியஞ் செய்வார்க்கு அத்தடை ஏது?

பெரம்பலூர், அரியலூர்த் தமிழாசிரியர்களே! ஒரே பெயருடைய ஊர்களையும், அவற்றைப் பிரித்தறிய மக்கள் வழங்கும் அடைகளையும் மாணவரைக்கொண்டு இவ்வாண்டே தொகுமின்! தொகுத்ததைக் களஞ்சியத்தார்க்கு விடுமின்! எழுதப்படாத ஊர் இல்லாத ஊராகிவிடும் காலம் இது. அந்நிலைக்கு நம் ஊர்களை விடலாகாது.