ரீல்ஸ் பார்த்துவிட்டு வரும் நோயாளி

மருந்துச் சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாத்திரை வீடு தேடி வருகிறது. முதியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால், மருந்து கொடுத்த கடையின் பெயரையும் தேதியையும் சீட்டிலேயே குறிக்க வேண்டும் என்கிறது 1945ஆம் ஆண்டின் மருந்து விதி. படத்தில் எங்கே குறிப்பது? ஒரே படத்தை நான்கு கடைகளுக்கு அனுப்பித் தூக்க மாத்திரை கேட்டால் யார் தடுப்பது? இணைய மருந்து விற்பனைக்கான வரைவு விதிகள் வெளியானது 2018 ஆகஸ்டில். அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விற்பனைக்குத் தடை விதித்தது. சில வாரங்களில் தடை நீங்கியது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

கடைக்கு நேரில் போய் வாங்கினாலும் குறை உண்டு. 2023 ஆகஸ்ட் முதல் 300 முன்னணி மருந்துகளின் அட்டையில் கியூஆர் குறியீடு கட்டாயம். தொகுதி எண், காலாவதி தேதி எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதை ஸ்கேன் செய்து காட்டும் கடைக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நோயாளியும் மாறிவிட்டார். “ரீல்ஸில் பார்த்தேன், அந்த மாத்திரையைக் கொடுங்க” என்று கடையில் வந்து நிற்பவரிடம் பொறுமையாகப் பேசுவதும் இன்று மருந்தாளுநரின் வேலை. மருந்தியல் கல்லூரிகள் வேதிப்பெயர்களை மனப்பாடம் செய்யவைக்கும் அக்கறையில் பாதியையாவது இதற்குக் காட்டலாம்; செய்முறைத் தேர்விலேயே இதைச் சேர்க்கலாம்.