பல்லாங்குழியில் யோசேப்பின் கதை

கோடை விடுமுறை பிறந்துவிட்டால், சித்தூரிலும் திருப்பதியிலும் தேவாலயம் செல்லும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளியும் பிறந்துவிட்டதென்றே பொருள். 'வி.பி.எஸ்.' என்று அவர்கள் சுருக்கி வழங்கும் அப்பள்ளியிலிருந்து வீடு திரும்பும் பிள்ளையின் கையில் ஒரு தாள் இருக்கும். பேழை ஒன்று, ஒட்டகச்சிவிங்கி இரண்டு, மேலே ஒரு வானவில். யாவும் வெறுங் கோட்டுச் சித்திரங்கள். அவற்றிற்கு வண்ணம் தீட்டவேண்டும். படத்தின் கீழ் ஓர் ஆங்கிலச் சொல் அச்சாகியிருக்கும். எங்கோ ஓர் அயல்நாட்டார் வரைந்ததைக் கணிப்பொறியில் எடுத்து, செராக்ஸ் கடையில் பிரதிகள் போட்டு வழங்குகிறார்கள்.

ஆசிரியைமாரின் உழைப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. ஒரு கூட்டம் பிள்ளைகளை ஒரு மணி நேரம் அமைதியாக உட்காரவைப்பது எளிய செயலா என்ன? ஆயினும் அத்தாளைப் பற்றி நமக்கு ஒரு குறை உண்டு. அது கைக்கு வேலை தருகிறது, நாவுக்குத் தருவதில்லை.

நம்மவர்க்கோ நாவின் வேலையே பெரிது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. அவ்வெல்லை வழக்கைக் கிளறுவது நம் நோக்கமன்று. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலம் என்று நம் பிள்ளைகள் வளர்கின்றனர். பாட்டியின் தமிழ் வேதாகமத்தைப் பேரன் கையில் எடுத்துப் புரட்டுகிறான். ஒரு வரி வாசிக்க இயலவில்லை. தெலுங்கு ஆராதனையில் அவன் கேட்கும் 'யோசேபு' நம் யோசேப்புதான் என்பதும், 'நோவஹு' நோவாவே என்பதும், 'ஃபரோ' பார்வோன் என்பதும் யாரேனும் எடுத்துச் சொன்னாலன்றி அவனுக்கு விளங்குவதில்லை.

இவ்விடத்தில் வாசகர்களுக்கு ஒன்று நினைவூட்ட விரும்புகிறோம். ஓய்வுநாட் பாடசாலை தொடக்கத்தில் எழுத்தறிவிக்கும் பள்ளியாகவே இருந்தது. 1780-இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் இராபர்ட் ரெயிக்ஸ் அதனைத் தொடங்கியபோது, வாரமெல்லாம் தொழிற்சாலையில் உழன்ற ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிப்பதே அதன் முதற் பணி. வேதாகமம் அவர்களது வாசிப்பு நூலாயிற்று. ஆகவே, ஓய்வுநாட் பாடசாலையில் தமிழெழுத்தும் கற்பிக்கவேண்டும் என்போர் புதுமை எதனையும் புகுத்துகின்றாரல்லர்.

எவ்வாறு கற்பிப்பது? நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு ஏழாக இரு வரிசை, பதினான்கு குழிகள். ஆதியாகமம் 41-ஆம் அதிகாரத்தில் பார்வோன் கண்ட கனவின் பொருள் யாது? ஏழாண்டு செழிப்பு, ஏழாண்டு பஞ்சம். இவ்வொற்றுமை கண்ணில் பட்டபின் பலகையை ஒதுக்கிவைக்க மனம் வருமா? மேல்வரிசை செழிப்பு, கீழ்வரிசை பஞ்சம். மேற்குழி ஒவ்வொன்றிலும் ஐந்து புளியங்கொட்டைகள் இடுக. விளைவில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கவேண்டுமென்று யோசேப்பு கூறினான் அன்றோ? பிள்ளை குழிக்கு ஒரு கொட்டையாக எடுத்துக் கொட்டாங்குச்சியில் இடவேண்டும். அதுவே களஞ்சியம். எடுக்குந்தோறும் கதையில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்லவேண்டும். சொல்லாதவனுக்குக் கொட்டை இல்லை. ஏழு குழி முடிந்தால் களஞ்சியத்தில் ஏழு கொட்டைகள். பின்னர்ப் பஞ்சம் வருகிறது. கீழ்க்குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்கிறான். மேலே ஒரு குழியில் சோம்பியிருந்தவனுக்கு ஏழாங் குழியில் கொட்டாங்குச்சி வெறுமையாய்க் கிடக்கும். சேமிப்பின் பொருளை அவனுக்கு வேறெவரும் விளக்கவேண்டுவதில்லை.

இரண்டாங் கீழ்க்குழி நிரம்பியதும் ஆட்டத்தைச் சற்றே நிறுத்துக. அண்ணன்மாருக்கு யோசேப்பு தன்னை வெளிப்படுத்தியபோது பஞ்சத்தில் ஈராண்டு கழிந்து ஐந்தாண்டு எஞ்சியிருந்தது என்று 45-ஆம் அதிகாரம் கூறுகிறது. கொட்டாங்குச்சியை எண்ணச் சொல்லுங்கள், ஐந்து இருக்கும். தன்னை விற்றவர்கள் பசியோடு எதிரில் நிற்கையில் நீயாயிருந்தால் கொடுப்பாயா என்று அப்போது கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளை கொட்டாங்குச்சியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் எண்ணும். வண்ணம் தீட்டும் தாள் அந்தக் கேள்வியை எழுப்புமா?

அயலிலுள்ள தெலுங்குப் பிள்ளைகளையும் அழைக்கலாம். அவர்கள் வீட்டில் இதே ஆட்டத்திற்கு 'வாமனகுண்டலு' என்று பெயர்.

சிலர் பரமபதப் பலகையில் யோசேப்பின் கதையை வரைந்து, குழி வரும் கட்டத்தில் பாம்பும் அரண்மனைக் கட்டத்தில் ஏணியும் வைக்கலாமென்பர். அதனை நாம் விரும்பவில்லை. யோசேப்பு குழியில் வீழ்ந்தது தாயக்கட்டை புரண்டதாலன்று, அண்ணன்மாரின் பொறாமையால். இதைவிட ஐந்தாங்கல் நன்று. தாவீது ஓடையில் பொறுக்கிய கூழாங்கற்கள் ஐந்தல்லவா? கோலியாத்தின் உயரமாகிய ஆறு முழமும் ஒரு சாணும் எவ்வளவென்று பிள்ளைகள் தம் கையால் சுவரில் அளந்து பார்ப்பதும் நல்ல விளையாட்டே.

அச்சிட்ட தாளே வேண்டாமென்று கூறினோமல்லோம். தமிழுக்கென்று செய்த தாள் வேண்டும். ஆங்கிலத்திற்கு அமைத்த சொல்தேடும் புதிர்க் கட்டத்தில் தமிழை இட்டால், சகரம் ஒரு கட்டத்திலும் அதன் இரட்டைக்கொம்பு மற்றொரு கட்டத்திலும் சென்று விழக் காண்கிறோம். யோசேப்புக்கு வேண்டியவை நான்கு கட்டங்கள்: யோ, சே, ப், பு. தெலுங்கில் இரட்டித்த மெய் கீழே தொங்கும். ஆகவே அவர்கள் 'அம்ம'வுக்கு இரண்டு கட்டங்களும் நம் அம்மாவுக்கு மூன்றும் வேண்டும். புதிரைக் கையால் எழுதிப் பிரதி எடுப்பதே இன்றைக்கும் பிழையற்ற வழி.

தெலுங்கெழுத்தில் தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுத்தால் எளிதன்றோ என்று கேட்கும் பெற்றோர் உளர். அவ்வழியை முன்னோரும் முயன்றதுண்டு. 1554-இல் லிஸ்பன் நகரில் அச்சான தமிழ்ச் சமய நூல் உரோமன் எழுத்தில் வந்தது. ஆனால் இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்திலேயே வந்தது. மனப்பாட வசனத்திற்குச் சில வாரங்கள் தெலுங்கெழுத்தின் துணை இருக்கட்டும், ஆட்டத்தில் வேண்டாம்.

ஏழு குழிகளுக்கும் அருகே ஒன்று முதல் ஏழு வரை தமிழ்ச் சொற்களை எழுதிவைத்தால் போதும். ஐந்து 'ஐது', ஆறு 'ஆரு', ஏழு 'ஏடு' என்று தெலுங்கில் அறிந்த பிள்ளைக்கு அவை அந்நியமாகத் தோன்றா. பலகை இல்லையே என்று வருந்தவேண்டா. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், சிறு பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். ஆலய முற்றத்து மணலில் பதினான்கு குழி தோண்டி, பக்கத்தில் விரலாலேயே எழுதலாம். புளியங்கொட்டை முப்பத்தைந்து வேண்டும். தொலைவதற்கென்று இன்னும் பத்து.