பழைய ரெகார்டு போகட்டும், பழைய நம்பர் திரும்பி வரலாமா?

மதுரை கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கும் பனகல் சாலைப் பக்கம் நடந்தால் மெடிக்கல் ஷாப்புகளும் ரத்தப் பரிசோதனை லேப்களும் நிறைய. அந்தப் பகுதி லேப் ஒன்றில் நோயாளிகளின் விவரங்களை மைக்ரோசாஃப்ட் அக்சஸில் வைத்திருந்தார்கள். புது ரெகார்டு ஒவ்வொன்றுக்கும் தானாகவே அடுத்த எண்ணைத் தரும் ‘ஆட்டோநம்பர்’தான் அங்கே நோயாளி எண். 2009-இல், ஃபைல் பெரிதாகிவிட்டது என்று எல்லா ரெகார்டுகளையும் வேறு ஃபைலுக்கு மாற்றி, டேபிளைக் காலி செய்து, ‘காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்’ கொடுத்தார்கள். எண் மறுபடி 1-இல் தொடங்கியது. அவர்களுக்கு மகிழ்ச்சிதான்!

சில மாதம் கழித்து, டாக்டர் கேட்டார் என்று பழைய ரிப்போர்ட்டின் நகல் வாங்க என் மாமா சீட்டோடு போனார். எண் 412. வந்ததோ ஒரு கல்லூரி மாணவியின் ரிப்போர்ட். வயதைப் பார்த்ததால் தப்பித்தோம். அந்த எண்ணில் இன்னொரு அறுபது வயதுக்காரர் இருந்திருந்தால்? சர்க்கரை மாத்திரையின் அளவே மாறியிருக்கும்.

அக்சஸைக் குறை சொல்ல முடியாது. காலி டேபிளைக் காம்பேக்ட் செய்தால் எண் முதலிலிருந்துதான் வரும். பெரிய டேட்டாபேஸ்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி டேபிள்களில் அடுத்த எண் மெமரியில் மட்டுமே இருந்தது. கடைசி ரெகார்டுகளை நீக்கிவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அதே எண்கள் மறுபடி வரும். 2003-இல் பதிவான இந்தப் புகார், 2018-இல் முழுமையாக வெளியான 8.0 பதிப்பில்தான் தீர்ந்தது.

‘எண் ரொம்பப் பெரிதாகிறதே’ என்பது சிலரின் கவலை. ஆட்டோநம்பர் 214 கோடி வரை போகும். தினம் 200 பேர் வந்தாலும் 29,000 வருடம் தாங்கும். வைகையில் அதற்குள் தண்ணீர்கூட வந்துவிடும்.

பழைய ரெகார்டுகளை ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் அவை போய்ச் சேரும் டேபிளில் ஐடி ஃபீல்டை ஆட்டோநம்பராக வைக்காதீர்கள். ‘நம்பர்’, ‘லாங் இன்டிஜர்’ என்று வையுங்கள். அப்பெண்ட் கொயரியில் பழைய ஐடியையும் சேர்த்தே அனுப்புங்கள். போன ரெகார்டுகளின் எண்ணிக்கை சரியா என்று பார்த்தபிறகே டெலீட். அப்போதும் கடைசி ரெகார்டை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள். அது இருக்கும்வரை எண் பின்னால் போகாது.

வருடாவருடம் 1-இல் தொடங்கியே ஆகவேண்டும் என்பவர்கள் ஜிஎஸ்டி பில்லைப் பார்க்கலாம். 2017-ஆம் ஆண்டின் விதிகளில் 46-வது விதிப்படி, ஒரு நிதியாண்டுக்குள் ஒரு பில் எண் ஒருமுறைதான் வரலாம். அதனால் பலர் எண்ணோடு வருடத்தையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள். நீங்களும் சீட்டு எண்ணை வருடத்தோடு தனி ஃபீல்டில் வையுங்கள், ஆட்டோநம்பர் தன்பாட்டுக்கு ஓடட்டும்.