வெயில் ஊரில் எந்தப் பசை?

ரஹாங்கில் மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கூரை அடுப்பாகக் கொதிக்கும். மின்விசிறி சுற்றும், வருவதென்னவோ சூடான காற்றுதான். அந்த நேரத்தில் கணினியைத் திறக்கும் பிள்ளைகள் என்னிடம் சொல்லும் புகார் ஒன்றுதான். "அண்ணே, கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆயிடுது."

எங்கள் வரிசையில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை ஒருத்திக்கும் இதே கதைதான். எஸ்பிஎம் நெருங்கும் நேரம். கடையில் காட்டினால், "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்குங்க" என்று பதில். இரண்டாயிரம் வெள்ளிக்கு அவள் அம்மா எங்கே போவார்? திறந்து பார்த்தோம். விசிறியில் தூசு அடை அடையாக அப்பிக்கிடந்தது. ப்ராசஸர் மேலிருந்த பசை காய்ந்து, சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. தூசு தட்டி, புதுப் பசை வைத்ததும் கணினி பழையபடி ஓடியது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அது என்ன பசை? ப்ராசஸரின் மூடியும் அதன் மேல் உட்காரும் உலோகக் குளிர்விப்பானும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். நுணுக்கிப் பார்த்தால் இரண்டிலும் மேடு பள்ளம். அந்தப் பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. அதை விரட்டிவிட்டு அந்த இடத்தை நிரப்புவதுதான் தெர்மல் பேஸ்ட். பசை காய்ந்துபோனால் வெப்பம் வெளியேற வழியில்லை. இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைக்கும்; அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும்.

சரி, எந்தப் பசை வாங்குவது? டப்பாவில் வெப்பக் கடத்துதிறன் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4க்கு 8.5, தெர்மல் கிரிஸ்லி கிரையோநாட்டுக்கு 12.5. பெரிய எண்ணே நல்லது என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 வாட் ப்ராசஸர், மூன்று சென்டிமீட்டர் சதுர மூடி, 0.05 மில்லிமீட்டர் பசை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடத்துதிறன் 4 உள்ள மலிவுப் பசையில் வெப்ப வித்தியாசம் சுமார் 0.9 டிகிரி. 12 உள்ள பசையில் 0.3 டிகிரி. ஒரு டிகிரி லாபம்கூடத் தேறவில்லை! அதிக வாட் இழுக்கும் கேமிங் கணினியில் இந்த வித்தியாசம் சில டிகிரி கூடும். வீட்டுப்பாடம் செய்யும் கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நமக்கு முக்கியம் வேறொன்று. வெளிநாட்டுச் சோதனைகளைப் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் செய்கிறார்கள். நம் வீட்டில் 32. அங்கே 70 காட்டும் ப்ராசஸர் இங்கே 80 காட்டும். ஆகவே நமக்கு வேண்டியது சூட்டில் சீக்கிரம் காயாத பசை. கிரையோநாட் 80 டிகிரி வரை காயாமல் தாங்கும் என்கிறது அதைத் தயாரிக்கும் நிறுவனம். குளிரூட்டி இல்லாத அறையில் அந்த எல்லையைத் தொடுவது பெரிய காரியமில்லை. எம்எக்ஸ்-4 எட்டு ஆண்டு உழைக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அதில் பாதி உழைத்தாலே நமக்கு லாபம்தான். பழைய பெயரான ஆர்க்டிக் சில்வர் 5 முழுப் பலன் தர 200 மணி நேரம்வரை ஆகலாம். எம்எக்ஸ்-4க்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

திரவ உலோகப் பசை பக்கம் மட்டும் போகாதீர்கள். கடத்துதிறன் எழுபதைத் தாண்டும், உண்மைதான். ஆனால் அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும். மின்சாரத்தையும் கடத்தும், ஒரு சொட்டு போர்டில் சிந்தினால் கதை முடிந்தது. பற்பசை தடவலாம் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். ஈரம் காய்ந்ததும் அது வெறும் மண்கட்டி.

செய்முறைக்கு வருவோம். முதலில் தூசு. விசிறியும் உலோகத் தகடுகளும் அடைபட்டிருந்தால் எந்தப் பசையும் காப்பாற்றாது. கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பசையை இளக்குங்கள். பிறகு அணைத்து, மின்கம்பியைக் கழற்றிவிட்டு, குளிர்விப்பானை மெல்லத் திருகி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால், ஏஎம்4 வகை ஏஎம்டி கணினிகளில் ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், கால்கள் வளைந்துபோகும். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். நடுவில் பட்டாணி அளவு புதுப் பசை வைத்து, குளிர்விப்பானை நேராக அழுத்தித் திருகாணிகளைக் குறுக்காக மாற்றி மாற்றி முடுக்குங்கள். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவதுபோல்தான் இதுவும். நிறைய அப்பினால் பசையே போர்வையாகி வெப்பத்தைத் தடுக்கும்.

உத்தரவாதம் முடியாத மடிக்கணினியை நீங்களே திறக்காதீர்கள். கடைக்குப் போவதற்கு முன், எச்டபிள்யூமானிட்டர் போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போதே எண்பது, தொண்ணூறு என்று காட்டினால், "தூசு தட்டி, பசை மாற்றிப் பார்த்தீர்களா?" என்று கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள். ஆயிரக்கணக்கில் பணத்தை எண்ணிக் கொடுக்கும் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.