டப்பாவைத் திறந்து பார்க்கலாம், வாங்க!

திருவிழாவுக்கு மெல்லிசைக் குழு வந்தால் நாம் எல்லோரும் பாடுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். கிடார் வாசிப்பவரின் காலை யாராவது பார்த்ததுண்டா? அவர் காலடியில் சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசா இரண்டு மூன்று உலோக டப்பாக்கள் இருக்கும். பல்லவி முடிந்து இசை வரும் இடத்தில் ஒன்றை ஒரு மிதி மிதிப்பார். அதுவரை டிங் டிங் என்று இருந்த கிடார் திடீர்னு உறும ஆரம்பிக்கும். அந்த டப்பாவுக்குப் பெயர் எஃபெக்ட்ஸ் பெடல்.

நல்ல கம்பெனி பெடல் ஒன்று பல ஆயிரம் ரூபாய். அதனால் கிடார் கற்றுக்கொள்ளும் நம்ம பசங்க பலரும் “அதெல்லாம் காசு இருக்கறவங்க சமாச்சாரம்” என்று விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் எனக்குக் கருத்து வேறுபாடு. முதல் பெடலை வாங்கவே கூடாது, செய்ய வேண்டும் என்பது என் கட்சி. அப்படியே யாராவது வாங்கிக் கொடுத்தாலும் ஒருநாள் அதன் அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

உள்ளே ஒன்றும் மந்திரம் இல்லீங்க. நம்ம ப்ளஸ் டூ இயற்பியல்தான் இருக்கு. எலக்ட்ரிக் கிடாரில் கம்பிக்குக் கீழே ஒரு காந்தமும் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கும். எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். மின்காந்தத் தூண்டல்! ஆனால் அது ரொம்பச் சின்னது, ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அதை ஒரு டிரான்சிஸ்டர் பெரிதாக்குகிறது. பெரிதான அலையின் குறுக்கே இரண்டு டையோடுகளை எதிரெதிராக வைத்துவிட்டால், குறிப்பிட்ட வோல்ட்டுக்கு மேலே போகிற அலையின் தலையும், கீழே போகிற காலும் வெட்டுப்படும். டையோடு கடத்த ஆரம்பிக்க சிலிக்கானுக்கு 0.7 வோல்ட், ஜெர்மானியத்துக்கு 0.3 வோல்ட் என்று பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணுகிறோமே, அந்த இரண்டு எண்களைக் காதால் கேட்க முடியும்! மலை மாதிரி இருந்த அலை மொட்டை மாடி மாதிரி ஆகும்போது புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. அந்த உறுமல் அதுதான்.

“சுத்தமான சத்தத்தைக் கெடுத்து இரைச்சல் ஆக்குறதுக்கு ஒரு டப்பாவா?” என்று கேட்பவர்கள் உண்டு. பெரியவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் தம்புராவைக் காட்டுவேன். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு சின்ன நூலைச் செருகுவார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். நூலை இம்மியளவு நகர்த்தி நகர்த்தி, தந்தி குதிரையின் மேல் லேசாக உரசும்படி செய்வார்கள். உடனே ‘ஙொய்ங்’ என்று ஒரு ரீங்காரம் எழும். அந்த நூலை எடுத்துவிட்டால் தம்புரா சப்பென்று ஆகிவிடும். மீட்டுவது அதே தந்திதான், உரசலில் மேற்சுரங்கள் கூடிவிடுகின்றன. கெட்டுப்போன சத்தம் என்று யாராவது சொல்கிறோமா? அதற்கு ‘ஜீவா’ என்றல்லவா பேர் வைத்திருக்கிறோம்! டையோடு செய்வதும் அந்த ஜாதி வேலைதான், கொஞ்சம் முரட்டுத்தனமாக. பறை அடிக்கிறவர் தோலை நெருப்பில் காய்ச்சுவார். நாகஸ்வரக்காரர் வாத்தியத்தோடு சேர்த்து நாலு சீவாளியைத் தொங்கவிட்டிருப்பார், ஒன்றைச் செதுக்கி இன்னொன்றை ஊதிப் பார்ப்பார். கடையில் வாங்கின சத்தத்தை அப்படியே வாசித்தவர்கள் நம்ம ஊரில் குறைவு.

வெளிநாட்டிலும் கதை இப்படித்தான் ஆரம்பித்தது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில், மார்ட்டி ராபின்ஸ் என்பவரின் பாட்டு ஒன்றை ஒலிப்பதிவு செய்தபோது ஒலிக்கலவைப் பெட்டியின் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிடார் வண்டு ரீங்கரிப்பது போலக் கேட்டது. அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யவில்லை, அப்படியே விட்டார்கள். 1961-இல் பாட்டு வெளிவந்தது, ‘அந்தச் சத்தம் எப்படி வந்தது’ என்று எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, பழுது செய்ததை டிரான்சிஸ்டர்களை வைத்து ஒரு பெட்டிக்குள் செய்து காட்டினார். கிப்சன் கம்பெனி அதை 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்று விற்பனைக்கு விட்டது. உள்ளே மூன்றே மூன்று டிரான்சிஸ்டர்கள்! இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் இன்னும் ஒரு படி மேலே. 1964-இல் அவர் ஸ்பீக்கர் தாளையே பிளேடால் கீறி உறும வைத்தார். (வீட்டு ஸ்பீக்கரில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். அடி நிச்சயம்.)

நம் பக்கம் வருவோம். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸை (1969–2014) எல்லாருக்கும் தெரியும். மாண்டலினுக்கு எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நாலு ஜோடி. கம்பியைத் தட்டினால் நாதம் சீக்கிரமே செத்துப்போகும், கமகம் நிற்காது. அவர் ஜோடிகளை எடுத்துவிட்டு ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்திகள் உள்ள மின் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். வாத்தியம் இப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தால் நமக்கு அந்த இசை கிடைத்திருக்குமா? இன்னொருவர் பெங்களூரின் ஜி. ராஜ் நாராயண். பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும்கூட. 1979-இல் மின்னணுத் தம்புராவைச் செய்தார். இன்றைக்குக் கச்சேரி மேடையில் பாடகர் பக்கத்தில் இருக்கும் சுருதிப் பெட்டிக்கு வழிவிட்டது அதுதான். வாசிக்கத் தெரிந்தவரே சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்ததால் நடந்தது அது. இப்போது மும்பையில் ஆதித்ய நந்த்வானா என்பவர் அனிமல் ஃபேக்டரி என்ற பெயரில் கிடார் பெடல்களே செய்கிறார். ஆக, இது இந்தியாவில் நடக்காத வேலை இல்லை.

நம்ம பக்கத்திலேயே ஆரோவில்லில் ஸ்வரம் என்ற இசைக்கருவிக் கூடம் 2003-இலிருந்து இருக்கிறது. சுற்று வட்டாரக் கிராமத்து இளைஞர்கள் அங்கே மரத்திலும் உலோகத்திலும் வாத்தியம் செய்கிறார்கள். மரத்தில் முடிகிற கை, சர்க்யூட்டில் முடியாதா என்ன?

சரி, எப்படிச் செய்வது? இந்தத் தாளில் படம் வரைய இடம் இல்லை, எழுத்திலேயே சொல்கிறேன். பிசி 547 என்ற டிரான்சிஸ்டர் ஒன்று. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டர் நேராக எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் மைனசுக்கு. 9 வோல்ட் பேட்டரியின் ப்ளஸ்ஸிலிருந்து கலெக்டருக்கு 10 கிலோ ஓம் மின்தடை. கலெக்டரிலிருந்து பேஸுக்கு 2.2 மெகா ஓம். கிடார் உள்ளே வருவது 0.1 மைக்ரோ பாரட் மின்தேக்கி வழியாகப் பேஸுக்கு. கலெக்டரிலிருந்து வெளியே போவது இன்னொரு 0.1 வழியாக. அதற்கப்புறம் 1என்4148 டையோடு இரண்டை, ஒன்றுக்கொன்று தலைகீழாக, எர்த்துக்கு வையுங்கள். கடைசியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க 100 கிலோ ஓம் கன்ட்ரோல். அவ்வளவுதான்! கலெக்டரில் மல்ட்டிமீட்டர் வைத்தால் 4, 5 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் கொஞ்சம் மாறும். 9 வோல்ட்டே காட்டினால் கால் மாறிவிட்டது என்று அர்த்தம். அரை மில்லி ஆம்பியர் அளவுதான் இழுக்கும் என்பதால் ஒரு பேட்டரி பல நூறு மணி நேரம் வரும். டிரான்சிஸ்டரும் டையோடும் சில ரூபாய்தான். சென்னை ரிச்சி தெருவுக்கு யாராவது போனால் சொல்லிவிட்டால் போதும். விலை கூடுவது கால் சுவிட்ச் வாங்கும்போதுதான். முதல் டப்பாவுக்கு அது வேண்டாம், சாதாரண சுவிட்சே போதும்.

இனிமேல்தான் ருசியே. அந்த இரண்டு சிலிக்கான் டையோடை எடுத்துவிட்டு, வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் கண்ணாடி உடம்பு ஜெர்மானியம் டையோடு மாதிரி இரண்டை வையுங்கள். சத்தம் குறையும், ஆனால் வெட்டு வழவழப்பாகும். சிவப்பு எல்.இ.டி. இரண்டு வைத்தால் 1.7 வோல்ட் வரைக்கும் விட்டுவிடும், சத்தம் அள்ளிக்கொண்டு போகும், கூடவே கண்ணும் சிமிட்டும்! ஒரு பக்கம் சிலிக்கான், ஒரு பக்கம் எல்.இ.டி. வைத்தால் அது வேறொரு குரல். உள்ளே வரும் மின்தேக்கியை 0.1-லிருந்து 1 மைக்ரோ பாரடுக்கு மாற்றினால் தடித்த கம்பிகள் கனத்துப் பேசும். 0.01 போட்டால் கொசு மாதிரி ஆகிவிடும். கம்பெனிக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் ப்ளஸ், டிஓடி 250 என்ற இரண்டு புகழ்பெற்ற பெடல்களின் சர்க்யூட் ஏறக்குறைய ஒன்றேதான். ஒன்றில் ஜெர்மானியம் டையோடு, மற்றதில் சிலிக்கான், இதுதான் முக்கிய வித்தியாசம். ஐபனேஸ் கம்பெனியின் பழைய டிஎஸ் 808-க்கும் 1982-இல் வந்த டிஎஸ் 9-க்கும் சத்தத்தில் உள்ள வித்தியாசம் என்று ஜனங்கள் சண்டை போடுவது வெளியே வரும் இடத்தில் உள்ள இரண்டு மின்தடைகளுக்காக! 470 ஓமுக்குப் பதில் 100 ஓம், 100 கிலோ ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓம். பழைய மாடலுக்காக அதிக விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மின்தடை இரண்டும் சேர்ந்து ஒரு மிட்டாய் விலை.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு நம்ம ஊர்க் காற்றும் ஒரு காரணம். பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் உப்பளம் வரைக்கும் எதையும் உப்பு விட்டுவைப்பதில்லை. செம்பில் பச்சைக் களிம்பு, இரும்பில் துரு, வால்யூம் கன்ட்ரோலைத் திருப்பினால் கரகர. (இது நாம் விரும்பாத கரகர!) எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கடற்கரை ஊரில் ஒருநாள் ஜாக் கனெக்‌ஷன் விட்டுப்போகத்தான் செய்யும். அப்போது பட்டணத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதா? தானே செய்தவனுக்கு எந்த ஒட்டு விட்டிருக்கும் என்று தெரியும், பத்து நிமிடத்தில் ஈயம் வைத்துவிடுவான். டப்பாவுக்குத் தகரம் வேண்டாம், அலுமினியமே நல்லது. அதை எர்த்தோடு சேர்த்துவிட்டால் டியூப் லைட் இரைச்சலும் உள்ளே வராது. நம்ம அப்பா, சித்தப்பா எல்லாம் கரையில் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள்? கிழிந்த வலையைக் கம்பெனிக்கா அனுப்புகிறார்கள்? எந்த மீனுக்கு எந்தக் கண்ணி அளவு என்று பார்த்து வலையை மாற்றிக்கொள்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், ஒரு டையோடை மாற்றப் பயப்படுவது எனக்குப் புரியவில்லை.

“போனிலேயே ஆப் இருக்கே, நூறு பெடல் இலவசமா வருதே” என்பான் நண்பன் ஒருவன். உண்மைதான். பழகுவதற்கு ஆப் நல்லது, நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல போன்களில் கம்பியைத் தட்டியதற்கும் காதில் கேட்பதற்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம் இருக்கும், தாளத்தோடு வாசிக்கிறவனுக்கு அது எரிச்சல். நூறு பெடல் இருந்தும் அவனுக்கு ஒன்றுகூட ஏன் அப்படிக் கேட்கிறது என்று தெரியாது என்பது எனக்கு அதைவிடப் பெரிய குறை.

“படிப்பு கெட்டுவிடும்” என்பது வீட்டார் கவலை. டையோடு வரைபடம் வரைவதும் படிப்புதானே அம்மா! ஆனால் பாதுகாப்பு பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். 9 வோல்ட் பேட்டரி மட்டும். கரண்ட் பிளக் பக்கம் போகவே கூடாது. ஆம்ப்ளிபயரைத் திறக்கவே கூடாது, பிளக்கை எடுத்த பிறகும் அதன் பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். ஈயம் வைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. ஜன்னல் திறந்திருக்கட்டும். இன்னொன்று: சால்டரிங் பையன்கள் வேலை என்று தங்கைகள் ஒதுங்கி நிற்க வேண்டாம். பூத்தொடுக்கிற விரலுக்கு இது ரொம்பச் சுலபம், எங்கள் ஒட்டுகளைவிட நன்றாகத்தான் வரும்.

அதனால் இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ப்ளஸ் டூ செய்முறையில் டையோடு சோதனை ஒன்று இருக்கிறது. மீட்டரைப் பார்த்து, வரைபடம் வரைந்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு முடிகிறது. அந்த அன்று கடைசிப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். ஒரு கிடாரையும் இந்தச் சர்க்யூட்டையும் மேசை மேல் வைத்து, சிலிக்கான், ஜெர்மானியம், எல்.இ.டி. மூன்றையும் மாற்றி மாற்றி எல்லாரும் கேட்கட்டும். கிடார் இல்லையென்றால் ரேடியோவின் இயர்போன் ஜாக்கே போதும், வால்யூமை ரொம்பக் குறைத்து வைத்து.

சர்க்யூட் படம் வேண்டுவோர் மதிய இடைவேளையில் என்னிடம் கேட்டால் நோட்டில் வரைந்து தருகிறேன். காசு வேண்டாம், ஒரே ஒரு நிபந்தனை: ஏதாவது ஒரு பாகத்தை மாற்றிப் பார்த்துவிட்டு, சத்தம் எப்படி மாறியது என்று நாலு வரி எழுதி அடுத்த சுவரிதழுக்குத் தர வேண்டும்.

– மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவன்