திருத்தப்படாத படமும் பொய் சொல்லும்

ஒளிப்படப் போட்டிகளின் அறிவிப்புகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு பகுதி மனப்பாடமாகவே ஆகியிருக்கும். ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தையும் நிறத்தையும் மிதமாகச் சரிசெய்யலாம், எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது, கேட்டால் கேமராவின் மூலக் கோப்பைத் தர வேண்டும். நம் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் நடத்தும் போட்டிகளிலும் இவ்வாசகமே சிறு மாற்றங்களுடன் இடம்பெறுகிறது. இவ்விதி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. நேர்மைக்கு இதுவே போதுமான சான்று என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டதைப் பற்றியதே என் கவலை.

கேமராவிலிருந்து வெளிவந்த கோப்புக்கும் நடுவர் மேசைக்கு வந்த கோப்புக்கும் இடையிலான தொலைவை இவ்விதி அளக்கிறது. காட்சிக்கும் கேமராவுக்கும் இடையே நடந்ததைப் பற்றி அது எதுவும் அறியாது.

முதல் வேலையை அது கண்டிப்பாகவே செய்கிறது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு 2010-இல், பின்னணியில் தெரிந்த ஒரு பாதத்தின் பகுதியை அழித்ததற்காக ஒருவரின் பரிசைத் திரும்பப் பெற்றது. 2015-இல் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் சுமார் 20 விழுக்காட்டை விலக்கியது. ஆனால் அதே 2015-இல் பெல்ஜியத்தின் சார்லெருவா நகரைப் பற்றிய தொடர் ஒன்று இந்தச் சோதனையைக் கடந்து முதற்பரிசு பெற்றது. அதிலிருந்த ஒரு படம் அந்நகரில் எடுக்கப்பட்டதே அன்று என்பது பின்னர் தெரியவந்து, பரிசு பறிக்கப்பட்டது. பொய் இருந்த இடம் படக்குறிப்பு.

காட்டுயிர் ஒளிப்படத்திலும் இதுவே கதை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009-இல் முதன்மைப் பரிசு பெற்றது, வேலியைத் தாண்டும் ஓநாயின் படம். அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவாகி 2010-இல் பரிசு இரத்தானது. 2018-இல், பரிசு பெற்ற ஓர் எறும்புத்தின்னிப் படம், பாடம் செய்த விலங்கின் படமாக இருக்கக்கூடும் என்ற வல்லுநர் கருத்தின் பேரில் விலக்கப்பட்டது. இரண்டையும் எடுத்தவர்கள் குற்றச்சாட்டை மறுத்தனர். ஆயினும் கேள்வி எழுந்தது கேமராவுக்கு முன்னால் நின்ற விலங்கைப் பற்றி. கணினியில் செய்த திருத்தத்தைப் பற்றியன்று.

நமக்கு நெருக்கமான சான்று கொல்கத்தாவினுடையது. 2017-இல் பன்னாட்டுப் போட்டி ஒன்றின் விளம்பரத்தில், பாலியல் சுரண்டலுக்கு ஆளான ஒரு சிறுமியின் படம் முகம் அடையாளம் தெரியும்படி பயன்படுத்தப்பட்டது. கண்டனங்கள் எழுந்தன. அதைத் தொடர்ந்து, அதே கலைஞர் மற்றொரு படத்தில் மேரி எல்லன் மார்க் பம்பாயில் எடுத்த படத்திலிருந்து ஓர் உருவத்தை ஒட்டியிருந்ததும் அம்பலமானது. ஒட்டியதைத் திருத்த விதி கண்டுகொள்ளும். சிறுமியின் முகம் அதன் கண்ணில் படாது. விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், அம்முகத்தை மறைப்பதே தகுதியிழப்புக்கு உரிய திருத்தமாகிவிடும். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடைசெய்கிறது. சட்டம் காக்க முனையும் ஒன்றைப் போட்டி விதி கேள்விகூடக் கேட்காமல் கடந்துபோகிறது.

தன் எல்லைக்குள்ளும் இவ்விதி தளர்ந்துவருகிறது. இன்றைய கைபேசிகள் பல சட்டகங்களை ஒன்றிணைத்தே ஒரு படத்தைத் தருகின்றன. அங்கே 'மூலக் கோப்பு' என்பதே ஏற்கெனவே திருத்தப்பட்ட ஒன்று. 'மிதமான' திருத்தம் எங்கே முடிகிறது என்பதற்கும் அளவுகோல் இல்லை. இருட்டறைக் காலத்திலேயே ஒரு பகுதியை வெளுப்பதும் இன்னொன்றைக் கறுப்பதும் வழக்கந்தான்.

களத்தில் நடந்ததை நடுவர்கள் எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூலக் கோப்பைச் சோதிப்பது எளிது. ஒப்புதலைச் சோதிப்பது கடினம். எனினும் ஆய்வுலகில் இருக்கும் நமக்கு இச்சிக்கல் புதிதன்று. தரவு மாற்றப்படவில்லை என்று உறுதியானதும் நாம் ஓர் ஆய்வேட்டை ஏற்றுக்கொள்வதில்லை. தரவு எப்படித் திரட்டப்பட்டது, பங்கேற்றவர்கள் ஒப்பினார்களா, அவர்களுக்குத் தீங்கு நேருமா என்று கேட்கிறோம். எழுத்துமூலம் பதில் பெறுகிறோம். பதில் பொய்யானால் எழுதியவர் பொறுப்பேற்கிறார். 2015-இன் அனுபவத்துக்குப் பின் வேர்ல்ட் பிரஸ் போட்டோவும் தனி நெறிமுறைக் கோவை ஒன்றை வெளியிட்டது.

ஆகவே, அடுத்த கல்வியாண்டில் போட்டி நடத்தவிருக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருத்த விதி இருக்கட்டும். அதனுடன் நான்கு கேள்விகளையும் விண்ணப்பத்தில் சேருங்கள்: படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது? காட்சியில் எதையேனும் நீங்கள் ஏற்பாடு செய்தீர்களா? படத்தில் இருப்பவருக்கு இது போட்டிக்குச் செல்வது தெரியுமா? விலங்காயின், அது காட்டில் இருந்ததா, அடைப்பிலா? முகத்தை மறைக்க வேண்டிய படங்களுக்குத் திருத்த விதியிலிருந்து விலக்கும் கொடுங்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பதில்கள்தான். அவற்றை எழுத நேரும் ஒருவர், அடுத்த முறை கேமராவை உயர்த்துவதற்கு முன்பே அவற்றை எண்ணிப் பார்ப்பார்.