பாவம் பார்த்தால் மட்டும் போதுமா?

மழையில் நனைந்த நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளை வாசலில் வந்து நின்றால், எந்த அம்மாவுக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்ல மனம் வராது. பால் ஊற்றி, பழைய துணி விரித்து, அரை மணி நேரத்தில் பெயரும் வைத்தாகிவிடும். (பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் என்பது தனிக்கதை.) சிக்கல் திங்கட்கிழமை காலையில்தான் தெரியவரும். எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், குட்டியை யார் பார்த்துக்கொள்வது?

இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. கால்நடை மருத்துவரிடம் அடுத்தடுத்துத் தடுப்பூசி போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பல் முளைக்கும்போது செருப்பு, நாற்காலிக் கால், செல்போன் சார்ஜர் எதுவும் மிஞ்சாது. காலையில் பூட்டினால் மாலையில்தான் திறக்கும் வீட்டுக்குக் குட்டி சரிவராது. காப்பகத்தில் இருக்கும் மூன்று, நான்கு வயது நாய் பெரும்பாலும் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தே வரும். அதன் சுபாவமும் ஓரளவு தெரிந்திருக்கும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால், எல்லோரும் குட்டியைத்தான் கேட்கிறார்கள்.

“எங்க ஊர் வீட்டுல எப்பவும் நாய் இருக்கும், எங்களுக்குப் பழக்கம்தான்” என்பார்கள். அங்கே நாய் திண்ணையில் படுத்தது. மிச்சச் சோற்றைத் தின்றது. தெரு முழுக்கச் சுற்றிவிட்டுத் தானே திரும்பி வந்தது. இரண்டாம் மாடி ஃபிளாட்டில் அதே நாயைத் தினம் இரண்டு வேளை கயிறு பிடித்து நடத்த வேண்டும். லிஃப்டுக்கும் குக்கர் விசிலுக்கும் பழக்க வேண்டும். ஊரில் நாய் இருந்தது, நகரத்தில் நாய் வளர்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு அனுபவம்.

மீட்கப்பட்ட நாய்க்கு ஒரு முன்கதை உண்டு. அடிபட்டிருக்கலாம், பசியில் கிடந்திருக்கலாம், வளர்த்தவர்களே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். வந்த புதிதில் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கி, சாப்பிடாமல்கூடக் கிடக்கும். ‘ரொம்பச் சாது’ என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையான குணம் தெரிய சில வாரங்கள் ஆகும். தட்டருகே யாராவது போனால் உறுமுகிறதா, துடைப்பத்தைத் தூக்கினால் பதுங்குகிறதா, தனியே விட்டால் ஊளையிடுகிறதா என்று காப்பகத்தில் கேட்டுவிடுவது நல்லது. சாப்பாட்டுத் தட்டைக் காவல் காக்கும் நாய், தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். பயந்த நாயைப் பழக்க, முன்பே நாய் வளர்த்த கை வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். பிள்ளைகள் கேட்பார்கள், அப்பா சரி என்பார்; மலம் அள்ளுவது யார் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. கடைசியில் அது அம்மா தலையிலோ பாட்டி தலையிலோ விழும். நாட்டு நாய் பன்னிரண்டு, பதினைந்து வருடம் வாழும். இன்று கேட்கிற எட்டாம் வகுப்புப் பையன் அதற்குள் வேலைக்கே போயிருப்பான்.

குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வாடகை வீட்டுக்காரரின் சம்மதம் வேறு விஷயம். அதை முன்பே கேட்டுவிட வேண்டும். சென்னையில் மாநகராட்சி உரிமமும் எடுக்க வேண்டும்.

இன்னும் தயக்கம் இருந்தால், சில வாரம் மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ‘ஃபாஸ்டர்’ முறைக்குக் காப்பகத்தில் இடம் உண்டா என்று கேட்கலாம். அந்த நாட்களில் லீவு போடாமல், வழக்கம்போல வேலைக்கும் பள்ளிக்கும் போய்வர வேண்டும். அப்போதுதான் பகலில் அது என்ன செய்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார்.